பலகைத் தரையில் பதினோரு காலடி

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பம்பாயில் எச்சில் தட்டு கழுவி, அங்கேயே ஒரு ரேடியோ கடையில் ஈயம் பற்றவைக்கப் படித்து, படுக்க இடமில்லாமல் சுடுகாட்டுக் கொட்டகையில் பதினைந்து நாள் படுத்திருக்கிறேன். கொசு தவிர ஒன்றும் கடிக்கவில்லை. அதனால் நான் சொல்வதை நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி.

எண்பதுகளின் கடைசி. குற்றால சீசனுக்கு ஒரு லாட்ஜில் ஸ்பீக்கர் கட்ட வந்தவன், அப்படியே தென்காசியில் ஒரு ரேடியோ கடையில் ஒட்டிக்கொண்டேன். வடகரையிலிருந்து ஆள் வந்தது, துபாய் பெட்டி ஒன்று பாட்டைத் தாண்டித் தாண்டிப் பாடுகிறது, வீட்டுக்கே வந்து பார்க்க வேண்டும் என்று. சிடி பிளேயர். அந்தப் பக்கத்தில் அப்போது அதைப் பார்த்தவர்களே குறைவு. நான் பம்பாயில் இரண்டைத் திறந்திருக்கிறேன், அந்தத் தைரியத்தில் போனேன்.

மத்தியான நேரம், சாரல் விட்டிருந்தது. மாடி அறை, பலகைத் தரை, மேசை மேல் பெட்டி. வீட்டுக்காரி பெயர் வடிவு, என்னைவிட நாலைந்து வயது மூத்தவள், அக்கா என்றே கூப்பிட்டேன். புருஷன் துபாயில் கட்டட வேலை. பெட்டியை யாரிடமோ கொடுத்தனுப்பியதோடு சரி, மூன்று மாதமாகக் கடிதம் இல்லை.

கீழேயிருந்து மாமியார் சத்தம் போட்டாள். "ஏட்டி, எம்புள்ள இருக்கானா போயிட்டானான்னே தெரியல, ஒனக்குப் பாட்டு கேக்குதோ?"

அக்கா என்னிடம் மெதுவாகச் சொன்னாள். "லெட்டர் நின்னதுலேருந்துதான் தம்பி இது விக்கி விக்கிப் பாடுது. இது ஒழுங்காப் பாடிட்டா அவுக நல்லாருக்காகன்னு மனசுல வச்சிருக்கேன். எப்படியாவது சரி பண்ணிக் குடுத்துரு."

லென்ஸை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்தேன். அது ஓடுகிற கம்பிக்கு எண்ணெய் விட்டேன். சிடி தட்டையும் துடைத்துப் போட்டேன். மூன்றாவது பாட்டில் துள்ளியது. மறுபடி போட்டால் வேறு இடத்தில் துள்ளியது. தட்டில் கீறல் என்றால் ஒரே இடத்தில்தானே துள்ள வேண்டும்? பெட்டியைக் கீழே கொண்டுபோய் சிமெண்டுத் தரையில் வைத்தேன், கடைசிவரை சுத்தமாகப் பாடியது. மேலே வந்தால் விக்கல்.

அப்படியானால் அதிர்வது பலகை. நாங்கள் இருவரும் அசையாமல் உட்கார்ந்திருந்தோம். அறை வாசற்படியில் ஒரு தம்ளர் தண்ணீர், பெட்டி பக்கத்தில் ஒரு தம்ளர் தண்ணீர் வைத்தேன். பாட்டு துள்ள ஆரம்பித்ததும் வாசல் தம்ளரில் வளையம் எழும்பியது. அது அடங்க அடங்கப் பெட்டித் தம்ளர் நடுங்கியது. ஒரு சின்னத் துள்ளல், ஒரு நீண்ட இழுவை. ஒரு துள்ளல், ஒரு இழுவை. எண்ணினேன், பதினொன்று. பெட்டிக்கு முன்னால் வந்து நின்றுவிட்டது.

"அக்கா, யாரோ நடக்காவ" என்றேன். வாய் தவறி வந்துவிட்டது.

அக்கா முகம் வெளுத்தது. தட்டை மறுபடி போடச் சொல்லி, கண்ணை மூடிக் கேட்டாள். பிறகு சிரித்தாளே ஒரு சிரிப்பு! "இது அவுக இல்ல தம்பி. அவுக ஓட்டமும் நடையுமா வருவாக, வாசல்லேருந்து ஆறே எட்டு வச்சு இங்கன நிப்பாக. இது காலை இழுக்குது. அவுக செத்து வந்திருந்தா அவுக நடையாத்தான இருக்கும்? அவுக உசிரோடதான் இருக்காக."

எனக்குப் பசி. அவள் போட்ட சோற்றைத் தின்றுவிட்டு, சரி செய்ய முடியவில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஆவணியில் மறுபடி ஆள் வந்தது. அக்கா புருஷன், துபாய் அண்ணாச்சி, வந்துவிட்டாராம், பெட்டி விக்காமல் பாடுகிறதாம், வந்து கேட்டுவிட்டுப் போக வேண்டுமாம். போனேன். சாரத்திலிருந்து விழுந்து வலது கையும் இடது காலும் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறார், எழுதித் தர ஆளில்லை. நான் பெட்டி அருகில் உட்கார்ந்திருக்க, அவர் படியேறி உள்ளே வந்தார். ஒரு எட்டு, ஒரு இழுவை. வாசலிலிருந்து பெட்டிவரை பதினொன்று. பாட்டு ஒரு இடத்தில்கூடத் துள்ளவில்லை. அக்கா என்னைப் பார்த்து அழுதுகொண்டே சிரித்தாள்.

"என்ன தம்பி, பேயறஞ்சவன் மாதிரி பாக்க?" என்றார் அண்ணாச்சி.

ஒன்றுமில்லை என்று பையைத் தூக்கிக்கொண்டு கீழே வந்தேன். முற்றத்தில் நின்று நிமிர்ந்தேன். இருவரும் மாடி ஜன்னலில் நின்றார்கள், அவர் கம்பியைப் பிடித்தபடி எனக்குக் கை காட்டினார். உள்ளே பாடிக்கொண்டிருந்த பாட்டு துள்ளியது. ஓட்டமும் நடையுமாக, இழுவையே இல்லாமல், மெலிந்துகொண்டே, பெட்டியிலிருந்து வாசலுக்குப் போகிற மாதிரி ஆறு துள்ளல். பிறகு பாட்டு சுத்தமாக ஓடியது.

அண்ணாச்சிக்கு அது காதில் விழவில்லை, இன்னும் கையை ஆட்டிக்கொண்டிருந்தார். அக்காவுக்கு விழுந்தது. அறை வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அப்புறம் குனிந்து, பக்கத்தில் நின்றவர் காலைப் பார்த்தாள்.

அடுத்த வாரம் லாரி ஏறிவிட்டேன், வடகரைப் பக்கம் அதற்குப் பிறகு போகவில்லை. எந்த வீட்டிலாவது பாட்டு துள்ளினால் இன்றைக்கும் என் வாய் தானாக எண்ண ஆரம்பித்துவிடுகிறது. ஆறு வருவதற்குள் எழுந்து போய் நிறுத்திவிடுகிறேன்.