மருந்து என்று சொன்ன மிட்டாய்

"கருப்புச் சாக்லேட் இருதயத்துக்கு நல்லது ஆன்ட்டி. தினமும் ரெண்டு துண்டு சாப்பிடுங்க" என்றார் ஜொகூர் பாருவில் என்னைப் பார்க்கும் இளம் டாக்டர். தலையாட்டி வைத்தேன். அவர் பிறப்பதற்கு முன்பே, ஜப்பான்காரன் காலத்தில், அதையே மருந்தாகக் கொடுத்துப் படுத்த படுக்கையாய்க் கிடந்தவளை எழுப்பி நடக்க வைத்தவள் நான்.

மலாயாவில், லாபிஸ் ஊர்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். எனக்குப் பதினாறு வயது. துரை பங்களாவில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். ஜப்பான்காரன் வருகிறான் என்று துரை குடும்பம் சிங்கப்பூருக்கு ஓடிய காலையில், காரில் இடமில்லாத ஒரு தகர டப்பாவைத் துரைசாணி என் கையில் திணித்துவிட்டுப் போனார். உள்ளே கட்டி கட்டியாகக் கருப்புச் சாக்லேட். களைத்துப்போனால் அவர் அதில் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொள்வார். உடம்புக்குத் தெம்பு, இரத்தத்துக்கு நல்லது என்று அரைகுறை மலாயில் எனக்கும் சொல்லியிருந்தார். வெள்ளைக்காரன் சாமான் வீட்டில் இருந்தால் உதை விழும் என்று பயந்து, விறகுக்கு அடியில் ஒளித்து வைத்தேன். யாருக்கும் சொல்லவில்லை.

அடுத்த வருஷம் அப்பாவைச் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனார்கள். பிறகு அம்மாவுக்கு மலேரியா. காய்ச்சல் விட்டும் எழுந்திருக்க முடியவில்லை. எப்படி முடியும்? "எனக்கு வாய்க்குப் பிடிக்கல" என்று தன் பங்கு மரவள்ளிக்கிழங்கை என் இரண்டு தங்கைகளின் தட்டிலும் தள்ளிவிடுவாள். எனக்குக் கோபம் கோபமாக வரும். இவளும் போய்விட்டால் நாங்கள் மூன்று பேரும் எங்கே போவது?

டப்பாவை வெளியே எடுத்தேன். மிட்டாய் என்று சொன்னால் அதுவும் தங்கைகளுக்குத்தான் போகும். ஒரு துண்டை உடைத்து, மேலே பூத்திருந்த வெள்ளையைத் துடைத்துவிட்டு நீட்டினேன்.

"என்னடி இது?"

"மருந்து. ஆஸ்பத்திரி டிரசரய்யா குடுத்தாரு. சின்னப் பிள்ளைங்களுக்குக் குடுக்கக் கூடாதாம்."

அம்மா கடித்தாள். முகத்தைச் சுளித்தாள். நல்லவேளை, அது கசந்தது.

காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. அவள் விழுங்கும்வரை எதிரே நிற்பேன். பத்து நாளில் சுவரைப் பிடித்து நடந்தாள். அப்புறம் தானாகவே கிணற்றடிக்குப் போனாள். சாக்லேட்டால்தானா என்று யாராவது கேட்டால், ஆமாம் என்றுதான் இன்றும் சொல்வேன். நான் ஒரு துணுக்குகூட வாயில் வைக்கவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

கடைசித் துண்டைக் கொடுத்த அன்று, அம்மா அதைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். துருத்திக்கொண்டிருந்த என் தோள் எலும்பைத் தொட்டாள்.

"வாயைத் தொற."

"எனக்கு எதுக்கும்மா? எனக்கு ஒண்ணும் இல்ல."

"மருந்துதானே. சாப்பிடு."

வாயில் வைத்து ஊட்டிவிட்டாள். நாக்கில் கரைந்தபோதுதான் தெரிந்தது, கசப்புக்கு அடியில் இனிப்பு இருந்தது. அது மிட்டாய் என்று அம்மாவுக்கு முதல் நாளே தெரிந்திருக்கும். நான் எதிரே நின்றேன் என்பதற்காகத்தான் அத்தனை நாளும் விழுங்கியிருக்கிறாள்.