தோளிடம் கேட்டு நெல் காயப்போடுகிறவர்கள்

“தங்கச்சி... இண்டைக்குத் தோள் என்ன சொல்லுது?”

போன மாதம் ஒரு நாள் காலை, வேலிப் படலைக்கு வெளியே நின்று செல்வராசா அண்ணை கேட்டார். பக்கத்து வளவுக்காரர். என் சுகத்தை விசாரிக்கிறார் என்று நினைத்துவிடாதீர்கள். மழை வருமா என்று விசாரிக்கிறார்.

காலபோக நெல் வெட்டு நேரம். வெட்டு மெசின் வந்தால் ஒரே நாளில் வயலை வழித்துக் கொடுத்துவிட்டுப் போய்விடும். ஈர நெல்லை எங்கே காயப்போடுவது? எங்கள் நெடுங்கேணிப் பக்கத்தில் தார் றோட்டுத்தான் எல்லோருக்கும் களம். ஒரு கரையில் படங்கை, அந்தப் பெரிய தார்ப்பாயை, விரித்து நெல்லைப் பரவிவிட்டால், பஸ்ஸும் உழவு இயந்திரமும் மற்றக் கரையால் விலத்திக்கொண்டு போகும். வெயில் எறித்தால் நெல் காயும். மழை வந்தால்... அதற்குத்தான் என் தோள்.

“ஒண்டும் சொல்லேல்லை அண்ணை” என்றேன்.

உண்மையைத்தான் சொன்னேன். தோள் ஒன்றுமே சொல்லவில்லை.

அவர் சந்தோசமாகப் போய் மூட்டைகளை அவிழ்த்துக் கொட்டினார். மத்தியானம் நான் சோறு வடித்துக்கொண்டு நிற்க, ஊற்றியது பாருங்கள் ஒரு மழை! அண்ணையும் அவரின் மனைவி புவனேசக்காவும் றோட்டில் ஓடித் திரிந்தது யன்னலுக்குள்ளால் தெரிந்தது. பாதி நெல் நனைந்துவிட்டது.

பின்னேரம் படலையில் மறுபடியும் அண்ணை. தலை இன்னும் ஈரம்.

“என்ன தங்கச்சி, உங்கடை தோளுக்கு என்ன நடந்தது?”

என்ன நடந்தது? அதைத்தான் இந்தக் கிழமைப் பத்தியில் சொல்லப் போகிறேன்.

தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு என் இடது தோளைத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காக ஒரு வரி: சண்டையின் கடைசி மாதங்களில் ஏறிய துப்பாக்கிச் சன்னம் ஒன்று தோள்பட்டைக்குப் பின்னால் இருக்கிறது. நரம்புக்குப் பக்கத்தில் இருப்பதால் எடுப்பதைவிட விடுவது நல்லது என்று சொல்லிவிட்டார்கள். விட்டுவிட்டோம். அதுவும் என்னை விடவில்லை. எங்கள் ஒழுங்கையில், இந்தச் சின்னத் தெருவில், இது ஒரு புதினமே இல்லை. வீட்டுக்கு ஒருவரிடமாவது இப்படி ஒரு துண்டு இருக்கும்.

ஆனால் மழை சொல்லும் துண்டு என்னிடம் மட்டும்தான் இருந்தது!

வானம் மூடினால் தோள் இழுக்கும். சட்டைத் துணி பட்டாலே நெருப்புப் பட்டதுபோல இருக்கும். ஒருமுறை தற்செயலாக, “இண்டைக்கு மழை வரும்போலை” என்று சொல்லிவிட்டேன். வந்தது. இன்னொருமுறை சொன்னேன். அதுவும் வந்தது. அவ்வளவுதான். ரேடியோ சொல்லுற மழை எங்கேயோ பெய்யும், உங்கடை தோள் சொல்லுற மழைதான் எங்கடை ஒழுங்கைக்குப் பெய்யும் என்று செல்வராசா அண்ணை ஊரெல்லாம் பட்டம் கட்டிவிட்டார்.

உண்மையைச் சொன்னால்... எனக்கும் அது பிடித்திருந்தது.

நான் கூச்சக்காரி. கோயிலில்கூடத் தூணுக்குப் பின்னால் நிற்கிற ஆள். உங்களோடு எழுத்தில் இவ்வளவு கதைக்கிறேனே, நேரில் வந்தால் “ஓம்”, “இல்லை” என்ற இரண்டு சொல்லுக்கு மேல் வராது. அப்படிப்பட்டவளின் படலைக்கு அறுவடைக் காலத்தில் ஆட்கள் தேடி வந்தார்கள். “தோள் என்ன சொல்லுது?” என்று தொடங்கி, பிள்ளைகளின் கதை, யானை வந்து வாழையை முறித்த கதை எல்லாம் சொல்லிவிட்டுப் போவார்கள். வலி எனக்குச் சனத்தைக் கொண்டுவந்து தந்தது. இப்படியும் ஒரு வரவு!

போன வருசக் கடைசியில் வவுனியாவில் ஒரு டொக்டர் அம்மாவிடம் போனேன். “எப்படி இருக்கு?” என்று கேட்டார். “பரவாயில்லை” என்றேன். எந்த டொக்டர் கேட்டாலும் நான் சொல்லும் பதில் அதுதான். அவர் ஒரு துண்டுப் பஞ்சை எடுத்துத் தோளில் மெல்லத் தடவினார். நான் கதிரையை விட்டு எழும்பிவிட்டேன்.

“பஞ்சு பட்டதுக்கே துள்ளுறீங்கள். பிறகு என்ன பரவாயில்லை?”

எனக்கு அழுகை வந்துவிட்டது. அத்தனை வருசத்தில் யாரும் பஞ்சால் தொட்டுப் பார்த்ததில்லை.

அவர்தான் அந்தப் பிளாஸ்டரை எழுதித் தந்தார். பல்லுப் பிடுங்க முன்னம் விறைப்பு ஊசி போடுவார்களே, அந்த மருந்தின் வகை இதில் தடவியிருக்கிறதாம். உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிது. வெள்ளை நிறம். ஒட்டினால் அந்த இடத்துத் தோல் விறைக்கும். பன்னிரண்டு மணித்தியாலம் ஒட்டலாம், பிறகு கழற்றி அதேயளவு நேரம் சும்மா விடவேண்டும். புண்ணில் ஒட்டக்கூடாது. மேலே சூடு காட்டக்கூடாது.

கடைசி விசயத்தை வீட்டில் இவரிடம் சொன்னது நல்லதாகப் போயிற்று. ஏனென்றால் முதல் நாளே மனிதர் நொச்சி இலையை வறுத்துத் துணியில் கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

“பிளாஸ்டருக்கு மேலை ஒத்தணமும் குடுத்தால் கெதியாக் கேக்கும், என்ன?”

“வேண்டாமப்பா! சூடு பட்டால் மருந்து அளவுக்கு மிஞ்சி உள்ளுக்குப் போயிடுமாம். தலைசுத்தி விழுந்தால் ஆர் தூக்கிறது?”

“அப்ப இதை என்ன செய்யிறது?”

“உங்கடை முழங்காலுக்குப் பிடியுங்கோ.”

பிடித்தார். அன்றைக்கு இரண்டு பேருக்கும் சுகம்.

பிளாஸ்டர் வலியை இல்லாமல் செய்துவிட்டதா? இல்லை. வலி அடுத்த அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டதுபோல இருந்தது. உள்ளே இருக்கிறது, தெரியும். ஆனால் என் காதுக்குள் நின்று கத்தவில்லை. சட்டை பட்டால் சட்டை பட்டதுபோலவே இருந்தது. அதுவே போதாதா?

பன்னிரண்டு மணித்தியாலம்தான் என்றால், எந்தப் பன்னிரண்டு? இரவில் ஒட்டினால் நல்ல நித்திரை. பகலில் ஒட்டினால் வேலை. யோசித்தேன். நித்திரையை எப்படியும் புரண்டு புரண்டு சமாளிக்கலாம். நான் விடியப்புறத்தைத் தேர்ந்தெடுத்தேன்.

காரணம், இடியப்பம்.

முன்னர் சந்திக் கடைக்கு இடியப்பம் அவித்துக் கொடுத்தவள் நான். இடியப்ப உரலைப் பிடித்து அமத்தியவர்களுக்குத் தெரியும், அது கையால் செய்யும் வேலை இல்லை... தோளால் செய்யும் வேலை. தோள் மோசமாகிப்போக உரலைக் கழுவிக் குசினி அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டேன். மேலே வைத்தால் எனக்கு எட்டாது. எட்டக்கூடாது என்றுதான் அங்கே வைத்தேன்.

பிளாஸ்டர் வந்து சில நாளில் கதிரை போட்டு ஏறி, இடது கையால் அதை இறக்கினேன்.

முதலில் இரண்டு தட்டு. பிறகு நாலு. டொக்டர் அம்மா எச்சரித்திருந்தார்: நோவு தெரியவில்லை என்பதற்காக அளவுக்கு மிஞ்சி வேலை செய்யாதீர்கள், பிளாஸ்டர் கழன்ற பிறகு கணக்கெல்லாம் சேர்த்துக் கேட்கும் என்று. அதனால் மெல்ல மெல்லத்தான். ஆவி பிளாஸ்டரில் படாமல் இடது பக்கத்தைத் திருப்பிக்கொண்டு நின்று அவித்தேன். கடைக்கார றஹீம் நானாவிடம் முதல் கூடையைக் கொடுக்க, ஒன்றை எடுத்துப் பிய்த்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “பழைய கைதான்.”

அன்று நான் வீட்டுக்கு வந்தது நடந்தா மிதந்தா என்று தெரியாது.

இந்த நேரத்தில்தான் செல்வராசா அண்ணையின் நெல் நனைந்தது. பிளாஸ்டர் கதையைக் கேட்டவர் அடுத்த நாள் புவனேசக்காவையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். இரண்டு பேரும் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்தார்கள். பிறகு அக்கா தொடங்கினா.

“தங்கச்சி, குறை நினையாதையும். நெல்லுக் காஞ்சு முடியுமட்டும்... அதைக் காலமையிலை ஒட்டாமல் இரவிலை ஒட்டினால் என்ன?”

“இரண்டு கிழமைதானே” என்றார் அண்ணை. “உங்கடை தோளை நம்பித்தான் நாங்கள் மூட்டையை அவிழ்க்கிறது. ஈர நெல்லெண்டால் லொறிக்காரன் திரும்பியும் பாக்கமாட்டான்.”

நான் இவரைப் பார்த்தேன். இவர் கூரையைப் பார்த்தார்.

“போனிலை பாக்கலாமே அண்ணை...” என்று மெல்ல இழுத்தேன்.

“போனுக்கு என்ன தெரியும்? அதுக்குச் சன்னமே பட்டது?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்தால் அது சம்மதம் என்றாகிவிடும் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

அவர்கள் போனபின் இவர் சொன்னார்: “இரண்டு கிழமைதானே, விட்டுக்குடுமன். அயலட்டையோடை ஏன் முகத்தை முறிப்பான்?”

விட்டுக்கொடுத்தேன். ஒரு நாள்.

அடுத்த நாள் விடியப்புறம் பிளாஸ்டர் இல்லாமல் உரலைப் பிடித்தேன். ஒரு தட்டு முடியவில்லை, கண்ணில் தண்ணீர். மாவை மூடி வைத்துவிட்டுக் குசினி வாசலில் குந்தினேன். அண்ணை படலைக்கு வந்தார். “என்ன சொல்லுது?” “இழுக்குது அண்ணை” என்றேன். அவர் நெல்லை அவிழ்க்கவில்லை.

அன்றைக்கு நாள் முழுக்க என்ன வெயில் தெரியுமா? றோட்டில் தார் உருகியது.

குந்தியிருந்து யோசித்தேன். இந்தத் தோள் என்றைக்கு இழுக்காமல் விட்டது? மழை நாளிலும் இழுக்கும், வெயில் நாளிலும் இழுக்கும். மழை வந்த நாட்களை ஊர் ஞாபகம் வைத்திருந்தது. வராத நாட்களை யாரும் எண்ணவில்லை. நான்கூட எண்ணவில்லை! ஊர் நம் வலிக்கு ஒரு வேலை கொடுத்துவிட்டால், அந்த வேலைக்காகவே வலியை வைத்துக்கொள்ளப் பார்க்கிறோம். எவ்வளவு பெரிய பைத்தியக்காரத்தனம்?

அன்று பின்னேரம் நானே அவர்கள் படலைக்குப் போனேன். போகும் வழியெல்லாம் வசனத்தைப் பாடமாக்கிக்கொண்டு போனேன். அங்கே போனதும் பாதி மறந்துவிட்டது.

“அண்ணை... நான் நாளையிலை இருந்து காலமைதான் ஒட்டப்போறன்.”

“ஏன் தங்கச்சி, இரண்டு கிழமை...”

“ஏலாது அண்ணை.”

அவ்வளவுதான். திரும்பி நடந்தேன். என் வாழ்க்கையில் யாருக்காவது நேரில் “ஏலாது” என்று சொன்னது அதுதான் முதல் தரம் என்று நினைக்கிறேன். திரும்பிப் பார்க்கவில்லை.

“மழை ஊத்தினால் ஊத்தட்டும்!” என்று பின்னால் அண்ணையின் குரல் கேட்டது. கோபம்தான்.

அதற்குப் பிறகு என் படலைக்கு ஒருவரும் வரவில்லை. விடியப்புறம் இவர் பிளாஸ்டரை ஒட்டிவிடுவார் — ஒருநாளும் நேராக ஒட்டியதில்லை, அது வேறு கதை — நான் இடியப்பம் அவிப்பேன், கடைக்குப் போவேன், வருவேன். வேலிக்கு அந்தப் பக்கம் அக்கா வாளியை வைக்கும் சத்தம் கேட்கும். கதை கேட்காது. கூச்சக்காரிக்குத் தனிமை பழக்கம்தானே என்று நினைப்பீர்கள். பழக்கம் வேறு, விருப்பம் வேறு. ஆனாலும் பிளாஸ்டரை நான் கழற்றவில்லை.

அப்படி ஒரு மத்தியானம். அண்ணை தானே வானத்தைப் பார்த்து நெல்லைப் பரவியிருந்தார். நான் கொடியில் உடுப்புப் போட்டுக்கொண்டு நின்றேன். காற்று ஒரு மாதிரி அடித்தது. பார்த்தால் நெடுங்கேணிச் சந்திப் பக்கம் ஒரே கறுப்பு! தோள் ஒரு சொல்லும் சொல்லவில்லை. முதல் துளி மூக்கில் விழுந்துதான் எனக்கே தெரியும்.

உடுப்பை விட்டுவிட்டு ஓடினேன்.

“எங்கை ஓடுறீர்?” என்று இவர் கத்தினார். எங்கே ஓடுகிறேன் என்று எனக்குத் தெரிந்தால்தானே!

றோட்டில் அண்ணை ஒரு தலைப்பில் படங்கை இழுக்கிறார். அக்கா மற்றத் தலைப்பில் தனிய நின்று தடுமாறுகிறா. நான் அவவுக்குப் பக்கத்து மூலையைப் பிடித்தேன். இரண்டு கையாலும்.

“இழுங்கோ!” என்று அண்ணை கத்தினார். இழுத்தோம். “நடுவுக்கு, நடுவுக்கு!” நெல் சரசரவென்று நடுவில் குவிந்தது. படங்கின் மிச்சத்தை மேலே மடித்துக் கல்லைத் தூக்கி வைத்தோம். இவரும் நொண்டிக்கொண்டு வந்து ஒரு கல்லை வைத்தார். அதற்குப் பிறகுதான் வானம் பிளந்தது.

நாலு பேரும் அண்ணை வீட்டுத் தாழ்வாரத்தில் ஒதுங்கினோம். நெல் நனையவில்லை. நாங்கள்தான் நனைந்து ஒழுகினோம். பிளாஸ்டர் ஒரு கரையால் கழன்று சட்டையோடு ஒட்டிக்கொண்டது.

அக்கா என்னையே பார்த்துக்கொண்டு நின்றா. “தங்கச்சி, நீர் ஓடி இண்டைக்குத்தான் பாக்கிறன்.”

யோசித்துப் பார்த்தேன். உண்மைதான். இத்தனை வருசமாக இவர்களுக்கு மழை சொன்னேனே... மழை வந்த ஒரு நாளாவது ஒரு படங்கைப் பிடித்திருப்பேனா? சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்ச் சுருண்டு படுத்திருப்பேன். நெல்லைக் கட்ட அவர்கள் இரண்டு பேரும் தனியத்தான் ஓடியிருப்பார்கள்.

அண்ணை துவாயால் தலையைத் துடைத்தார். துவாயைப் பிழிந்தார். பிறகு பழக்கதோசத்தில் வாய் தானாகவே கேட்டது:

“நாளைக்கும் வருமோ தங்கச்சி?”

“தெரியாது அண்ணை. வந்தால் கூப்பிடுங்கோ.”