சைரனின் காரில் மஞ்சள் லைட்

அந்தத் தெருவில் அவளுக்கு சைரன் என்று பெயர். வண்டி திருப்பத்துக்கு வரும் முன்பே குரல் வந்துவிடும். குறுக்கே ஸ்கூட்டரை நிறுத்தியவன், ஹார்ன் அடித்தும் நகராதவன், குப்பைத் தொட்டியை நடுச்சாலைக்குத் தள்ளியவன் என்று ஒவ்வொருவருக்கும் அன்றன்றைய பங்கு தவறாமல் கிடைக்கும். அப்படிப்பட்டவளின் கண்ணுக்கு நேரே, ஸ்டியரிங்குக்குப் பின்னால், எஞ்சின் படம் போட்ட ஒரு மஞ்சள் லைட் எரிந்துகொண்டிருந்தது. எவ்வளவு திட்டியும் அது அசையவில்லை.

கார் பழையது. நடக்க முடியாதவர்களையும் பார்வை மங்கியவர்களையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், காத்திருந்து, வீட்டு வாசலில் திருப்பி இறக்கிவிடுவதுதான் அவள் பிழைப்பு. வாடகைக்கு ஆள் ஏற்றும் வண்டி என்பதால் வருடா வருடம் தகுதிச் சோதனை உண்டு. லைட் எரிந்தால் அதிகாரி பானெட்டைக்கூடத் தூக்கிப் பார்க்க மாட்டார், வண்டி லாயக்கில்லை என்று எழுதிக் கையில் கொடுத்துவிடுவார். மறுபடி சோதனைக்குத் தேதி வாங்குவதற்குள் வாடிக்கைக்காரர்கள் வேறு வண்டி பார்த்துக்கொள்வார்கள். அதாவது, வேலை போயிற்று.

முதலில் தெருமுனை மெக்கானிக்கிடம் போனாள். அவன் ஒரு கருவியைச் செருகிப் பார்த்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே கேட்டான்.

"அக்கா, பெட்ரோல் டேங்க் மூடியை யாரு மூடுறது? ஆவி எங்கேயோ கசியுதுன்னு காட்டுது. மூடி லூசா இருந்தாலும் இந்த லைட் வரும்."

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டான்.

"யாரு மூடுறதா? என் வீட்டுக்காரர்! இந்த ஏரியாவுல பாதி வீட்டுக் குழாய் அவர் முடுக்கினது. எங்கேயாவது ஒரு சொட்டு ஒழுகுதான்னு போய்க் கேளு. அவர் மூடினது லூசாம்! வேலை தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லு தம்பி."

"அவரைக் குத்தம் சொல்லலைக்கா. ஒரு தடவை பார்த்துட்டு..."

"முதல்ல உன் கருவி சரியா இருக்கான்னு பாரு."

அவள் சொன்னதில் பொய் இல்லை. கணவர் பிளம்பர். ஞாயிறுதோறும் காரைக் கழுவி, காற்று அடித்து, பெட்ரோல் போட்டு வருவது அவர் பொறுப்பு. அவர் மூடிய எதையும் இன்னொருவர் திறந்ததாகச் சரித்திரம் கிடையாது. கல்யாணமான புதிதில் சீனி டப்பாவை மூடிவைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார். அன்று பகல் முழுக்க அவள் சீனி இல்லாத டீயைக் குடித்துவிட்டுக் கறுவிக்கொண்டிருந்தாள். அந்தக் கையைப் போய் ஒருவன் சந்தேகப்படுவதா?

அடுத்து பெரிய பட்டறை. கண்ணாடிக் கதவு, குளிர்பதனம், வாய்க்கு வாய் மேடம். ஒரு சென்சாரை மாற்றி லைட்டை அணைத்துக் கொடுத்தார்கள், அடுத்த வாரமே திரும்ப வந்தது. ஒரு வால்வை மாற்றினார்கள், அதற்கும் அசையவில்லை. "இது இல்லைன்னா அதுவா இருக்கும் மேடம்" என்றான் ஒருவன். "என்ன, குலுக்கல் போட்டுப் பார்க்கறீங்களா?" என்று அவள் போட்ட சத்தத்தில் காத்திருந்தவர்கள் எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள். ஒரு எலக்ட்ரீஷியன் இன்னும் ஒரு படி மேலே போய், பல்பையே கழற்றிவிடலாம் என்றான். அவனுக்குக் கிடைத்ததை இங்கே எழுத முடியாது.

வீட்டுக்கு வந்து கணவரிடம் கொட்டித் தீர்த்தாள். மெக்கானிக் மூடியைப் பற்றிக் கேட்டதையும் சொன்னாள்.

"நான் நல்லாத்தான் மூடுறேன்" என்றார் அவர், செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல். "பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும். விடு."

தன் வேலையில் யாராவது குறை சொன்னால் தேடிப்போய்ச் சண்டை பிடிக்கிற மனிதர் அவர். அன்று பக்கத்தைத் திருப்பினார். இருந்த எரிச்சலில் அவள் அதைக் கவனிக்கவில்லை.

சோதனைக்கு முந்தைய வாரம் பட்டறையில் லைட்டை மறுபடி அணைத்துக் கொடுத்திருந்தார்கள். ஞாயிறன்று அவர் பெட்ரோல் போட்டு வந்தார். மறுநாள் மாலை அவள் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தப் போகும்போது அது பளிச்சென்று எரிந்தது. விடிந்தால் சோதனை. அவளுக்குக் கண் மண் தெரியவில்லை. இறங்கிப் பின்னால் போனாள். அந்த மெக்கானிக் உளறினான் என்று நிரூபித்துவிட்டு, அந்தத் தெம்பில் இன்னொரு முறை திட்டலாம் என்றுதான் மூடியில் விரலை வைத்தாள்.

ஒற்றை விரலுக்கே சுழன்று, கையோடு வந்துவிட்டது.

"இதை யாரு மூடினது?" மூடியும் கையுமாகக் கூடத்தில் நின்றாள்.

"பங்க்குல வேற யாராவது தொட்டிருப்பாங்க."

"என் காதுல பூ சுத்தாதீங்க. வெளியே வாங்க. என் கண்ணு முன்னாடி மூடுங்க."

சரியாக மூடினால் அது டக் டக்கென்று சத்தம் போடும். அவர் திருகினார். விரல்கள் மூடியின் மேல் வழுக்கின. இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, தோளைச் சாய்த்து, மறுபடி திருகினார். சத்தம் வரவில்லை.

"ரப்பர் தேஞ்சிருக்கு" என்றார்.

அவரை விலக்கிவிட்டு அவள் திருகினாள். டக் டக் டக்.

"எத்தனை நாளா?"

அவர் கையைச் சட்டையில் துடைத்தார், துடைக்க அதில் ஒன்றும் இல்லாவிட்டாலும். "காலையில கொஞ்சம் மரத்திருக்கும். அப்புறம் சரியாயிடும். ஸ்பேனர்தான் அப்பப்போ நழுவுது. பெரிய வேலை எதுவும் இப்போ எடுக்கறதில்லை."

"ஊர்ல இருக்கிற பெரியவங்களையெல்லாம் கையைப் பிடிச்சு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன். என் வீட்டுக்குள்ள இருக்கிற மனுஷன் வாயைத் திறக்கலை! உங்க கைக்காக ஊரையே கடிச்சுக் குதறினேனே, நீங்க பேப்பர் படிச்சிட்டு உட்கார்ந்திருந்தீங்களே!"

"சொன்னா நீ கத்துவே."

"இப்போ மட்டும் என்ன, தாலாட்டா பாடறேன்?"

அவ்வளவு கோபம் அவளுக்கு அதுவரை வந்ததில்லை. அவர் மேல் பாதி, தன் மேல் பாதி. யார் யாருக்கோ கை நடுங்குவதை எட்டத்திலிருந்தே கண்டுபிடிப்பவள், தினமும் எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறவரின் கையைப் பார்க்காமல் இருந்துவிட்டாள்.

காலையில் இருவரும் கிளம்பினார்கள். மூடியை இறுக்கியதும் உடனே அணைந்துவிடுகிற லைட் இல்லை அது, எரிந்துகொண்டுதான் இருந்தது. தெருமுனையில் நிறுத்தி மெக்கானிக்கிடம் அதை அணைத்துக்கொண்டு போனால் சோதனையில் தேறிவிடலாம். இரண்டு பேருக்குமே அது தெரியும். அவள் நிறுத்தவில்லை.

"இடது பக்கம் போகணும். சோதனைக்கு நேரமாச்சு" என்றார்.

"நரம்பு டாக்டர் காலையில மட்டும்தான் பார்ப்பார். இன்னிக்கு விட்டா அடுத்த வாரம்."

"வேலை போயிடும் உனக்கு."

"போகட்டும். பேசாம வாங்க." ஆஸ்பத்திரி வாசல் வரை திட்டிக்கொண்டே வந்தாள். குறுக்கே வந்த யாரையும் அன்று அவள் திட்டவில்லை, எல்லாம் அவருக்கே போயிற்று.

டாக்டர் அதிகம் பேசாதவர். கணவருக்கு எதிரே உட்கார்ந்து தன் இரண்டு விரல்களை நீட்டினார். "இதை எவ்வளவு முடியுமோ அவ்வளவு இறுக்கிப் பிடிங்க."

பிளம்பர் பிடித்தார். பல்லைக் கடித்தார். கழுத்து நரம்பு புடைத்தது. டாக்டர் காத்திருந்தார்.

"ம், பிடிங்க."

"பிடிச்சிட்டுத்தான் இருக்கேன் சார்."

சைரன் வாயைத் திறந்தாள். திட்டுவதற்கு அந்த அறையில் ஒருவரும் இல்லை.