டப்பா என்று பேர் வாங்கிய கம்ப்யூட்டர்

சண்முகப்பிரியா பொறாமைக்காரி என்று காங்கேயத்தில் யாரிடம் சொன்னாலும் நம்பமாட்டார்கள். எண்ணெய் மில்லின் பெரிய மருமகள். வந்தவர்களை மோர் கொடுக்காமல் அனுப்பமாட்டாள். லோடு ஏற்றத் தாமதமாகிறது என்று கத்துகிற லாரிக்காரரிடம்கூடக் குரலை உயர்த்தமாட்டாள். ஆனாலும் அவளுக்குள் வயிற்றெரிச்சல் இருந்தது. அதுவும் ஒரே ஒரு ஆள் மேல்தான். கொழுந்தன் மனைவி ஹாரிகா மேல். பாவம், ஹாரிகாவுக்கு அது தெரியாது.

ஹாரிகா நெல்லூர்க்காரி. கோயமுத்தூரில் படிக்க வந்தவள் சரவணம்பட்டியில் வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே வேலை பார்த்த அருள்குமாரைக் காதலித்துக் கட்டிக்கொண்டாள். வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று ஆபீசில் சொல்லிவிட, இருவரும் காங்கேயத்து வீட்டு மாடிக்குக் குடிவந்தார்கள். தமிழை இந்தப் பக்கத்தில் கற்றுக்கொண்டதால் 'ங்க' போடாமல் அவளுக்கு ஒரு வாக்கியம் முடியாது. போட வேண்டிய இடத்தில் ஒன்று, வேண்டாத இடத்தில் இரண்டு. பாலைக் குடிக்க வந்த பூனையைக்கூட "போங்க" என்றுதான் விரட்டுவாள். மாமியார் நாச்சியம்மாள் அதற்கே மயங்கிப்போய், சின்னவள் பேசுவதைக் கேளுங்கள் என்று விருந்துக்கு வந்தவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டார். பிறந்ததிலிருந்து 'ங்க' போட்டுப் பேசுகிற பிரியாவை அப்படி ஒருவரும் கொண்டாடியதில்லை. அந்தக் கடுப்போ என்னவோ, ஹாரிகாவிடம் மட்டும் அவள் 'வா, போ' என்றே பேசினாள். மூத்தவள், பேசலாம், யாரும் தப்பு சொல்ல முடியாது.

பேச்சு ஒன்றோடு நின்றிருந்தால் பரவாயில்லை. பிரியாவும் கம்ப்யூட்டர் படித்தவள்தான். பெருந்துறைப் பக்கத்தில் இன்ஜினியரிங். காலேஜுக்கு எதிரே இருந்த பிரவுசிங் சென்டரில் பையன்கள் வரிசையாக உட்கார்ந்து துப்பாக்கிச் சண்டை ஆடுவார்கள். ஒருநாள் ஆள் குறைகிறதென்று இவளை உட்கார வைத்தார்கள். அன்றைக்கு அவர்கள் வாங்கிய அடியில், அடுத்த நாளிலிருந்து பிரியா எந்தப் பக்கம் என்பதற்கே சண்டை போட்டுக்கொண்டார்கள். சென்டர்க்காரருக்கு உதவியாகக் கம்ப்யூட்டரைப் பிரித்து மாட்டவும் கற்றுக்கொண்டாள். பிறகு ஈஸ்வரமூர்த்தியோடு கல்யாணம். அவர் நல்ல மனிதர், எதற்கும் குறுக்கே நிற்கமாட்டார். ஆனால் பெண்டாட்டிக்கு என்ன பிடிக்கும் என்று கேட்கத் தோன்றாதவர். வீட்டை ஒட்டியே இருந்த மில் ஆபீசில் பில் போட ஆள் வேண்டியிருந்தது, வீட்டிலேயே கம்ப்யூட்டர் படித்த பெண் இருந்தாள், காரியம் முடிந்தது. அங்கே இருந்த கிழட்டுக் கம்ப்யூட்டர் ஒரு பில் அடிப்பதற்குள் ஒரு டீ குடித்துவிடலாம்.

இந்த நிலையில்தான் ஒரு சனிக்கிழமை கோயமுத்தூரிலிருந்து வண்டியில் அந்தப் பெட்டி வந்து இறங்கியது. கேம் ஆடுவதற்கென்றே கம்பெனியில் மாட்டி முடித்து விற்கிற ரெடிமேட் கம்ப்யூட்டர். பக்கவாட்டில் கண்ணாடி, உள்ளே நீல விளக்கு. ஹாரிகா தன் சம்பளத்தில், யாரிடமும் ஒரு வார்த்தை கேட்காமல், ஆடுவதற்காக மட்டும் வாங்கியிருந்தாள். மாமியார் என்ன சொல்லப் போகிறாரோ என்று பிரியா ஆவலோடு காத்திருந்தாள். அவரோ விளக்கு அழகாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று பிரியாவுக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் ஹாரிகாவே கீழே இறங்கி வந்தாள். பெட்டி பார்க்கத்தான் ஜோராக இருக்கிறதாம், ஆட்டம் சரியாக ஓடவில்லையாம். கடைக்குப் போன் செய்தால், திரையில் படம் வருகிறது என்றால் பழுதில்லை, திருப்பி எடுக்க முடியாது என்கிறார்களாம். அக்காவுக்குத்தான் இதெல்லாம் தெரியும் என்று வீட்டுக்காரர் சொன்னார், நீங்கள் பார்த்து நல்லதா கெட்டதா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றாள். 'நீங்க சொன்னா சரிங்க' என்றுதான் முடித்தாள்.

பிரியா ஸ்க்ரூ டிரைவரோடு மாடிக்குப் போனாள். குற்றம் கண்டுபிடிக்காமல் இறங்குவதில்லை என்று மனதுக்குள் முடிவு கட்டிக்கொண்டுதான் போனாள். கண்ணாடியைக் கழற்றினாள். வயர்களெல்லாம் சடை பின்னியதுபோல ஒழுங்காக ஓடின. காற்று உள்ளே வரவும் சூடு வெளியே போகவும் தனித்தனி விசிறி. பவர் சப்ளை பேர் தெரியாத கம்பெனி, சரி, அது ஒரு குறை. இரண்டு ராம் போட வேண்டிய இடத்தில் ஒன்றே ஒன்று. அதுவும் குறைதான், பின்னால் ஒன்று வாங்கிச் சொருகினால் தீர்ந்தது. ஆனால் அந்தக் கிராபிக்ஸ் கார்டு! இந்த விலையில் இவ்வளவு நல்ல கார்டு வைப்பார்கள் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. இருந்தால் தனக்கு இப்படி ஒன்று இருக்க வேண்டும் என்று தோன்றியபோது அவளுக்குக் கண்ணே கரித்தது.

அப்புறம் ஆடிக் காட்டச் சொன்னாள். கார் ஓட்டுகிற ஆட்டம். கார் போகப் போகப் படம் திக்கித் திக்கி நின்றது. இவ்வளவு நல்ல கார்டை வைத்துக்கொண்டு இப்படி ஓடக் காரணமே இல்லை. பிரியா குனிந்து பெட்டியின் பின்புறத்தைப் பார்த்தாள்.

பார்த்ததுமே விளங்கிவிட்டது. மானிட்டர் வயரைச் சொருகப் பின்னால் இரண்டு இடம் உண்டு. மேலே இருப்பது சாதாரணமானது, மதர்போர்டோடு வருவது. கீழே இருப்பது கிராபிக்ஸ் கார்டினுடையது. கேம் ஆடக் கீழேதான் சொருக வேண்டும். அருள்குமார் மேலே சொருகி வைத்திருந்தான். கார்டு உள்ளே சும்மா உட்கார்ந்து விளக்கு எரிய விட்டுக்கொண்டிருந்தது. மென்பொருள் எழுதிச் சம்பாதிக்கிறவர்கள் பெட்டியின் பின்பக்கத்தையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்று சட்டமா என்ன?

வயரைப் பிடுங்கிக் கீழே சொருக வேண்டியதுதான் வேலை. கை அதுவரை போயும்விட்டது. அப்போது ஹாரிகா பின்னாலிருந்து, எத்தனை நாள் ஆசை தெரியுங்களா அக்கா, இந்தக் கம்ப்யூட்டர் வாங்க வேண்டுமென்று, என்றாள்.

பிரியா கையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"ரெடிமேடா வாங்கறதெல்லாம் டப்பாதான் கண்ணு. ராம் ஒண்ணுதான் போட்டுருக்கான் பாரு. இது இவ்வளவுதான் ஓடும்."

டப்பா என்ற சொல் வீடு முழுக்கப் பரவ ஒரு நாள் போதுமானதாக இருந்தது. அருள்குமார் கேலி செய்தான். ஈஸ்வரமூர்த்தி, ஒரு வார்த்தை பிரியாவைக் கேட்டுவிட்டு வாங்கியிருக்கலாமே என்றார். பெண்டாட்டியைப் பற்றி அவர் அப்படிப் பெருமையாகச் சொல்லி அவள் கேட்டதே இல்லை. ஹாரிகா இரண்டொரு நாள் முட்டிப் பார்த்துவிட்டு அதை அணைத்துத் துணி போட்டு மூடினாள். கடைசியில் நாச்சியம்மாள்தான் தீர்ப்புச் சொன்னார்.

"சும்மா கெடக்கறதுக்கு அந்த டப்பாவ மில்லுல கொண்டுபோயி வைங்க. பில்லாச்சும் போடட்டும்."

இப்படியாக, ஆசைப்பட்ட பொருள் நடந்து வந்து பிரியாவின் மேசையில் உட்கார்ந்தது. ஆட்கள் சாப்பிடப் போனதும் கதவைச் சாத்திவிட்டு, அருள்குமார் இங்கேயும் மேலேயே சொருகிவிட்டுப் போயிருந்த வயரைக் கீழே மாற்றினாள். அதே கார் ஆட்டம். சாலை எண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு ஓடியது. மழை பெய்தால் துளி தெரிந்தது, நனைந்த ரோட்டில் விளக்கு வெளிச்சம் தெரிந்தது. இத்தனை வருஷம் கழித்தும் விரல்கள் மறக்கவில்லை. அன்று அவள் வாய்விட்டுச் சிரித்ததைக் கேட்க மில்லில் யாரும் இல்லை.

அதுதான் கஷ்டமாகிப்போனது. ஜெயித்தால் சொல்ல ஆளில்லை. கணவரைக் கூப்பிட்டுக் காட்ட முடியாது. டப்பா எப்படி இப்படி ஓடுகிறது என்று கேட்பார். மாடிப்படியில் கொலுசுச் சத்தம் கேட்டால் ஆட்டத்தை மூடினால் மட்டும் போதாது, ஹாரிகா உட்கார்ந்து தட்டிப் பார்த்துவிட்டால் வம்பு. அதனால் ஓடிப்போய் வயரையும் மேலே மாற்றி வைப்பாள். பொறாமையாவது தீர்ந்ததா என்றால் அதுவும் இல்லை. ஆட்டம் போய்விட்டதே என்று ஹாரிகா அழுதுகொண்டிருக்கவில்லை. மாமியாரோடு சாயங்காலம் கோயிலுக்குப் போனாள், மொட்டை மாடியில் தக்காளிச் செடி வைத்தாள், நன்றாகத் தூங்கினாள். கம்ப்யூட்டரையும் பறிகொடுத்துவிட்டு எப்படி இவளால் இப்படி இருக்க முடிகிறது என்று பிரியாவுக்கு எரிந்தது.

ஒரு மத்தியானம் கொலுசுச் சத்தம் மாடிப்படியோடு நிற்காமல் மில் பக்கமே வந்தது. பிரியா வயரை மாற்றிவிட்டு பில்லைப் பார்ப்பதுபோல உட்கார்ந்தாள். ஹாரிகா கையில் ஒரு சின்ன அட்டைப்பெட்டி. உள்ளே ராம். ஒன்றுதான் போட்டிருக்கிறான் என்று அன்றைக்கு நீங்கள் சொன்னீர்களே, அதற்கு ஜோடி வாங்கி வந்தேன் என்றாள். பிரியாவையே சொருகச் சொன்னாள். அவள் சொருகிக் கண்ணாடியை மூடினாள். நாம் இரண்டு பேரும் ஆடிப் பார்க்கலாமா, இந்த வீட்டில் உங்களுக்கும் எனக்கும்தானே இது பிடிக்கும் என்று ஹாரிகா பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

ஆட்டம் கொஞ்சம் தேறியிருந்தது. ஆனாலும் வளைவு வந்தால் திக்கியது. இரண்டு முறை கார் போய்ச் சுவரில் மோதியது. ஹாரிகாவின் முகம் வாடிவிட்டது.

"மன்னிச்சுக்குங்கக்கா. தெரியாம வாங்கி, கடைசீல இந்த டப்பாவ உங்க தலையில கட்டிப்போட்டேனுங்க. தெனம் இதோட நீங்கதானுங்க கஷ்டப்படறீங்க."

திட்டியிருந்தால் பிரியா தாங்கியிருப்பாள். ஹாரிகா தன்னைப் பார்த்துப் பாவப்படுவதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் எழுந்தாள். பெட்டியைத் திருப்பி, வயரைப் பிடுங்கி, கீழே சொருகினாள். திரை ஒரு நொடி கறுத்துவிட்டு மறுபடி வந்தது. ஆட்டத்தைத் திறந்து கொடுத்து, "இப்ப ஓட்டு" என்றாள்.

ஹாரிகா ஓட்டினாள். கார் வழுக்கிக்கொண்டு போனது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. வளைவில் திரும்பி, பாலத்தைத் தாண்டி, மழைக்குள் போனாள். பிறகு மெதுவாகக் காரை ஓரம் கட்டி நிறுத்தினாள். எழுந்து பெட்டியின் பின்னால் போய்க் குனிந்து, மேலே இருந்த துளையையும் கீழே இருந்த துளையையும் பார்த்தாள். நிமிர்ந்தபோது சிரிப்பு இல்லை.

"எப்ப இருந்து தெரியும்?"

அக்கா இல்லை. 'ங்க' இல்லை. இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் வாயில் அப்படி ஒரு வாக்கியம் மொட்டையாக வந்து பிரியா கேட்டதில்லை.

"மொத நாள்ல இருந்துங்க" என்றாள் பிரியா.

தான் 'ங்க' போட்டது அவளுக்கே அப்புறம்தான் உறைத்தது. வெளியே சாப்பாடு முடித்த ஆட்கள் வந்து எண்ணெய்ச் செக்கை ஓடவிட்டார்கள், அதன் சத்தம் ஆபீஸ் அறையை நிறைத்தது. திரையில் கார் மழையில் நின்றுகொண்டிருந்தது.