அங்கம்மா தோற்ற சண்டை

திருவொற்றியூருக்கு வடக்கே கடலை ஒட்டி இருந்த அந்தக் குப்பத்தில், அங்கம்மா சண்டையில் தோற்று யாரும் பார்த்ததில்லை. அதனால் நியாயம் எப்போதும் அவள் பக்கம் இருந்தது என்று நினைத்துவிட வேண்டாம். பாதிச் சண்டையில் தப்பு அவளுடையதுதான். ஒத்துக்கொண்டால்தானே? ராயபுரம் மார்க்கெட்டில் நேற்றைய வவ்வால் மீனை இன்றைய வவ்வால் என்று தலையில் கட்டிவிடுவாள். வாங்கினவர் திரும்பி வந்து கேட்டால், "எங்கிட்ட கீறப்போ நல்லாத்தான் இருந்திச்சு. உன் வூட்டு காத்து பட்டு கெட்டுப்பூட்ச்சு, நான் இன்னா பண்ண?" என்பாள். அந்த மனுஷர் தன் வீட்டுக் காற்றின் மேல் சந்தேகத்தோடு திரும்பிப் போவார்.

புருஷன் மாரியப்பன் கடலுக்குப் போகிறவன். புயலுக்குப் பயந்து கரைக்கு ஓடி வருகிறவர்களை எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். கரைக்குப் பயந்து கடலுக்கு ஓடுகிற ஒரே ஆள் மாரியப்பன்தான் என்று குப்பத்தில் சிரிப்பார்கள். கல்யாணமாகி வெகுகாலம் கழித்து, வேண்டாத சாமி இல்லை என்ற பிறகு, அவர்களுக்குப் பிறந்த ஒரே பெண் பூமாரி. நாலு வயசு. வாய் அம்மாவிடமிருந்து வந்தது.

வெள்ளைக்காரன் போய்ச் சில வருஷம் ஆகியிருந்தது. அவன் போனான், அம்மை போகவில்லை. அந்தக் கோடையில் எண்ணூர்ப் பக்கத்துக் குப்பங்களில் பிள்ளைகளை வாரிக்கொண்டு போயிற்று. உடனே சுகாதார ஆபீஸ் விழித்துக்கொண்டு, அம்மை குத்துகிற தண்டபாணியை அனுப்பி வைத்தது.

தண்டபாணி வருகிறார் என்றால் குப்பத்தில் ஒரு பிள்ளை கண்ணில் படாது. கவிழ்த்துப் போட்ட படகுக்கு அடியில், மீன்கூடைக்குள், வலைக்குவியலுக்குப் பின்னால் என்று தாய்மார்கள் பதுக்கிவிடுவார்கள். அம்மை என்றால் மாரியாத்தா. அவள் வருவதும் போவதும் அவள் இஷ்டம். சர்க்கார் யார் நடுவில்? தண்டபாணிக்கும் அதில் வருத்தமில்லை. மர நிழலில் உட்கார்ந்து, குத்தாத பிள்ளைகளையெல்லாம் குத்தினதாகக் கணக்கெழுதிவிட்டு, மோர் வாங்கிக் குடித்துவிட்டுப் போவார்.

இந்தத் தடவை அது நடக்கவில்லை. பக்கத்து வீட்டு முத்தம்மா, "கொயந்தைக்கு குத்திக்காதடி, ஆத்தா கோச்சுக்குவா" என்றாள். முத்தம்மா வேண்டாம் என்ற ஒரே காரணத்துக்காக அங்கம்மா வேண்டும் என்றாள். பூமாரியை இடுப்பில் தூக்கிக்கொண்டு போய் முதல் ஆளாக நின்றாள். அவளே போனபிறகு நாமென்ன என்று இன்னும் சில பேர் பின்னால் வந்தார்கள்.

தண்டபாணி மேல்கையில் வைத்துத் திருகுகிற ஒரு சிறு கருவியால் தோலைச் சுரண்டி, அம்மையைத் தடுக்கிற மருந்தான அம்மைப்பாலை வைத்தார். ஒவ்வொரு பிள்ளைக்கும் முன்னால் கருவியை ஸ்பிரிட் விளக்கில் சுட வேண்டும் என்பது சட்டம். விளக்கு என்னவோ பக்கத்தில்தான் இருந்தது. எரியத்தான் இல்லை. ஸ்பிரிட் தீர்ந்து எத்தனை நாளோ! கருவியை வேட்டி முனையில் துடைத்துத் துடைத்து வேலையை முடித்தார். அங்கம்மா அதைப் பார்த்தாள். ஆனால் அந்த நேரம் வரிசையில் தன்னை முந்தப் பார்த்த ஒருத்தியோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்ததால், ஒரே சமயத்தில் இரண்டு சண்டை வேண்டாம் என்று விட்டுவிட்டாள். குத்தின இடத்தை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும், வீங்கினால் யாரிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்று தண்டபாணி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கேட்கவும் யாருக்கும் தோன்றவில்லை.

ஒரு வாரம் போனதும் கொப்புளம் எழும்பிக் காய்ச்சல் வந்தது. எல்லாப் பிள்ளைகளுக்கும் வருவதுதான். ஆனால் பூமாரிக்கு முழங்கை வரை வீங்கிற்று. முத்தம்மா முதல் ஆளாக வந்து பார்த்து, "நான் சொன்னேனா இல்லியா? ஆத்தா எறங்கிகினா" என்று திருப்தியோடு வாசலில் வேப்பிலை செருகினாள். மறுநாளும் வீக்கம் வற்றாமல் போகவே, கையில் ஒரு புட்டியோடு வந்தாள். உள்ளே சுறா எண்ணெய். படகுப் பலகைக்குப் பூசுகிறது.

"வருசக்கணக்கா உப்புத் தண்ணில கெடக்குது பலகை. இத்த பூசினா அயுவுதா? இல்லியே! பலகையே அயுவல, கை அயுவிடுமா?"

வேறு நாளாக இருந்தால் அங்கம்மா புட்டியைப் பிடுங்கி மணலில் வீசியிருப்பாள். அன்று அவளுக்குப் பயம். பிள்ளை அனத்துகிறது. கடலோரத்தில் பிறந்தவளுக்கு அந்த நியாயம் சரியாகவும் பட்டது. வழிய வழியப் பூசினாள். காய்ந்ததும் மறுபடி பூசினாள். பலகைக்குப் பூசுகிற மாதிரியே, இடுக்கு விடாமல்.

மேலே தடித்த பொருக்குக் கட்டியது. காய்ச்சல் ஏறியது. பூமாரி கையைத் தூக்கவில்லை. அதைவிட, அம்மாவைத் திட்டுவதை நிறுத்திவிட்டாள். அங்கம்மா அதற்கு மேல் காத்திருக்கவில்லை. எண்ணெயைச் சவுக்காரம் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டு, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நேரே சுகாதார ஆபீசுக்கு நடந்தாள்.

அங்கே இன்ஸ்பெக்டர் ஒருவர் மின்விசிறிக்குக் கீழே நாட்டின் சுகாதாரத்தைக் காத்துக்கொண்டிருந்தார்.

"எங்க அம்மைப்பால்ல குத்தமே கெடையாதும்மா. இதுவரைக்கும் ஒரு புகார்கூட வந்ததில்ல" என்றார்.

"அதான் இப்போ வந்துகீறனே!"

"ஒருத்தி வந்து சொன்னா அது புகார் ஆகாது. நாலு பேருக்கு இப்படி ஆச்சுன்னா விசாரிப்போம்."

"அப்போ நாலு கொயந்தைங்க கை அயுவுற வரிக்கும் நீ விசிறிக்கு கீய குந்திகினு இருப்ப?"

இன்ஸ்பெக்டர் பதறவில்லை. அது சூட்டுக் காய்ச்சல் என்றார். இளநீர் கொடுக்கச் சொன்னார். வீக்கத்துக்கு ஏதாவது எண்ணெய் தடவலாம் என்றும் யோசனை சொன்னார். முத்தம்மா இலவசமாகச் சொன்னதையே அவர் சம்பளம் வாங்கிக்கொண்டு சொன்னார்.

வெளியே வந்தால், வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் தண்டபாணி டீ குடித்துக்கொண்டு நிற்கிறார்! அங்கம்மா அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்து, நின்றுகொண்டிருந்த ஜட்கா வண்டிக்குள் தள்ளி, தானும் ஏறிக்கொண்டாள். டம்ளர் கடைக்காரனுடையது, அதுவும் கூடவே வந்தது.

"ராயபுரம் பெரியாஸ்பத்திரிக்கு வுடு நைனா. டாக்டரு முன்னாடி இந்த ஆளு பதில் சொல்லட்டும்."

வண்டிக்கார உசேன் வழி நெடுகக் கதையைக் கேட்டுக்கொண்டு வந்தான். எண்ணெய்க் கதையை மட்டும் அவள் முன்னால் குனிந்து அவன் காதோடு சொன்னாள். அதைக் கேட்டதும் குதிரையை மெதுவாக்கி, பின்னால் சாய்ந்து, தண்டபாணி காதில் விழாதபடி சொன்னான். "அந்த எண்ண சமாச்சாரத்துல வாயத் தொறக்காதம்மா. தொறந்தா கேஸு நிக்காது. தப்பு உன் தலைல வந்து குந்திக்கும்."

கேஸாம்! அங்கம்மாவுக்கும் அது கேஸாகத்தான் இருந்தது. ஜெயிக்கப் போகிற கேஸ்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் தேவகிருபை என்று ஒரு நடுவயசு அம்மாள். முகத்தில் சிரிப்பு கிடையாது. கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல என்னம்மா பூசினே?" என்று கேட்டார்.

"ஒண்ணியும் பூசல."

டாக்டர் குனிந்து முகர்ந்து பார்த்தார். மீன் வாடைதான். ஆனால் மீன்காரியின் மேல், அவள் புடவை மேல், அவள் பிள்ளை மேல் மீன் வாடை அடிப்பதில் என்ன அதிசயம்? டாக்டர் நிமிர்ந்தார்.

"ஒண்ணும் பூசலைன்னா, இது குத்தின வேகம். சில பிள்ளைங்களுக்குக் கூடுதலா வரும். மேல பொருக்குக் கட்டிடுச்சு. ஈரம் படாம, சொறியாம பார்த்துக்கோ, தானா வத்திடும். உன் புகாரையும் எழுதி மேலிடத்துக்கு அனுப்பறேன். இந்த அம்மைப்பாலை நிறுத்திவெச்சு சோதிச்சுப் பார்க்கச் சொல்றேன்."

தண்டபாணியின் முகம் வெளுத்துப்போனது. அங்கம்மாவுக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. ஜெயித்தாயிற்று! பிள்ளையைத் தூக்கிக்கொண்டாள். டாக்டர் கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்.

"ஏதாவது பூசியிருந்தாத்தான் கஷ்டம். அழுக்கு உள்ள போயிருக்கும், மேல மூடிக்கிட்டு அடியில சீழ் பிடிக்கும். கீறிக் கழுவி, பென்சிலின் போட்டு, இங்கயே படுக்க வைக்கணும். வீட்டுக்குக் கொண்டுபோனா கை போயிடும். உயிரே போனாலும் போச்சு. நல்லவேளை, நீ எதுவும் பூசலை."

அங்கம்மா வாசல்வரை போனாள். தோளில் பூமாரியின் நெற்றி கொதித்தது. அங்கிருந்து ஒரு அடி எடுத்து வைத்தால் குப்பமே மெச்சுகிற வெற்றி. எடுத்து வைக்க முடியவில்லை.   நின்ற இடத்திலேயே ஓவென்று அழுதாள்.

"பூசினேன் தாயே! சொறா எண்ண பூசினேன். படகுக்குப் பூசுறது. வயிய வயியப் பூசினேன். நான்தான், என் கையாலதான் பூசினேன். எம்பொண்ண காப்பாத்திக் குடு!"

"பாத்தீங்களா டாக்டர்!" தண்டபாணிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "நான் அப்பவே நெனச்சேன். இவங்க பண்ற கூத்துக்கெல்லாம் எங்க தலைய உருட்டறாங்க!"

டாக்டர் அதற்குள் பிள்ளையை வாங்கி நர்ஸிடம் கொடுத்திருந்தார். திரும்பித் தண்டபாணியைப் பார்த்தார். "நீங்க குத்தறதுக்கு முன்னால சுட்டீங்களா?"

"சுட்டேங்க. ஒவ்வொரு தடவையும்."

"வேட்டில தொடச்சான்! விளக்கு எரியவே இல்ல!"

"இவ பேச்சை நம்பாதீங்க டாக்டர். இப்பத்தானே பொய் சொன்னேன்னு இவளே ஒத்துக்கிட்டா."

உண்மையைச் சொன்னதற்கு உடனடியாகக் கிடைத்த கூலி அது. டாக்டர் அங்கம்மா பக்கம் திரும்பிக் கேட்டார். "அன்னிக்குக் குத்தின மத்த பிள்ளைங்க எப்படி இருக்கு?"

"இன்னும் ரெண்டு கொயந்தைக்கு வீங்கிகீது. எண்ண கிண்ண ஒண்ணியும் இல்ல. ஆத்தா கோச்சுக்குவான்னு மூடி வெச்சிகினு கீறாளுங்க."

"நாளைக்கே அதுங்களக் கூட்டிட்டு வா. நீ பூசினதையும் எழுதுவேன், விளக்கு எரியலைன்னு நீ சொல்றதையும் எழுதுவேன். நான் கோர்ட்டு இல்ல, தீர்ப்பு சொல்ல. என்னென்ன நடந்ததுன்னு முழுசாத் தெரிஞ்சாத்தான் வைத்தியம் பண்ண முடியும். அடுத்த பிள்ளைக்கு வராமத் தடுக்கவும் முடியும். குத்தின கை வீங்கிச்சுன்னா பக்கத்து வீட்டுக்குப் போகாத, ஆபீசுக்கும் போகாத. நேரா இங்க வா. எதையும் மறைக்காத."

அன்றே கீறினார்கள். அங்கம்மா ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே கிடந்தாள். மாரியப்பன் கடலை விட்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். அவளிடம் திட்டு வாங்காமல் அத்தனை நேரம் உட்கார்ந்தது அவனுக்கே பயமாக இருந்தது. மறுநாள் குப்பத்துக்குப் போய், கெஞ்சியும் மிரட்டியும் மற்ற இரண்டு பிள்ளைகளையும் இழுத்து வந்தாள். எண்ணெய் படாத அந்தக் கைகளிலும் சீழ் இருந்தது. டாக்டர் எல்லாவற்றையும் எழுதி அனுப்பினார். பூமாரிக்குக் காய்ச்சல் மெல்ல இறங்கியது. ஒரு நாள் காலையில் கண் விழித்து, கஞ்சி ஆறிப்போய்விட்டது என்று அம்மாவைத் திட்டினாள். அங்கம்மா அந்தத் திட்டை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாள்.

ஆபீஸும் சும்மா இருக்கவில்லை. டாக்டர் எழுதினதில் தனக்குப் பிடித்த பாதியை மட்டும் படித்துவிட்டு, குப்பம் குப்பமாகத் தமுக்கு அடித்தது. அம்மை குத்தின இடத்தில் சுறா எண்ணெய் பூசினால் தண்டனையாம். விளக்கைப் பற்றிப் பேச்சே இல்லை. கை வீங்கினால் எங்கே போய்ச் சொல்வது என்பதையும் காணோம். இன்ஸ்பெக்டர் விசிறி பழையபடி சுற்றியது.

மறு வருஷம் தண்டபாணி மறுபடி வந்தார். இப்போது அவரிடம் ஒரு புதுக் கதை இருந்தது. ஊர் ஊராகச் சொல்லிச் சொல்லிப் பதமாகியிருந்த கதை. கூடி நின்ற பெண்களைப் பார்த்து உரக்கச் சொன்னார். "எங்க மேல ஒரு தப்பும் கெடையாது. சந்தேகம்னா உங்க அங்கம்மாவையே கேளுங்க. டாக்டர் முன்னால எல்லாம் நான்தான் பண்ணேன்னு அழுதுகிட்டே ஒத்துக்கிட்டா. என்னம்மா, இல்லேன்னு சொல்லு பாப்போம்!"

 முத்தம்மா ஜாக்கிரதையாக இரண்டு அடி பின்னால் போனாள். அங்கம்மா கத்தவில்லை. பூமாரியை முன்னால் நிறுத்தி, தழும்பு தெரிய அவள் கையைத் தூக்கிப் பிடித்தாள்.

"ஆமாய்யா, ஒத்துக்கினேன். அதான் எம்பொண்ணு ரெண்டு கையோட நிக்குது. நீ எப்போ ஒத்துக்கப் போற?"

தண்டபாணி யாரையும் பார்க்கவில்லை. பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்து, குனிந்து, ஸ்பிரிட் விளக்கை ஏற்றினார்.