அழுகிற பிள்ளைகளின் பல்கலைக்கழகம்

மகளுக்கு இது விண்ணப்பக் காலம். கனடாவில், எங்கள் பிக்கரிங் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் லப்ரொப்பை விரித்துவைத்துக்கொண்டு, எந்தப் பல்கலைக்கழகத்தில் எப்படிப்பட்ட பிள்ளைகள் படிக்கிறார்கள் என்று முகம் தெரியாத யாரோ எழுதியதையெல்லாம் எனக்கு வாசித்துக் காட்டுகிறாள்.

"அம்மா, நீங்க படிச்ச இடத்தில ஒருத்தரும் சிரிக்கமாட்டினமாம். எல்லாரும் டிப்ரெஸ்டாம். ரியலி? அப்ப நான் அதைப் போடுறதோ, விடுறதோ?"

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. இவளுடைய வயதில் இதே கதையை நானும் கேட்டேன். அப்போது நாங்கள் ஸ்காபரோவில் இருந்தோம். இதையெல்லாம் எழுதிவைக்க ஆளில்லை, பிறந்தநாள் விழாக்களில் அன்ரிமார் ரோல்ஸைக் கடித்தபடியே தீர்ப்புச் சொல்வார்கள். தூரத்துப் பல்கலைக்கழகம் என்றால் குடியும் கும்மாளமும். வீட்டுக்குக் கிட்ட இருப்பதில் எங்கட பெடியள் கன்ரீனில் சீட்டு விளையாடுகிறார்கள். நகர நடுவே டவுன்ரவுணில் இருப்பதோ சிரிக்கத் தெரியாத புத்தகப்பூச்சிகளின் இடம். சொன்னவர்களில் ஒருவரும் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை!

ஆனால் அம்மா பார்த்திருந்தார். அந்த டவுன்ரவுண் பல்கலைக்கழகத்து நூலகத்தில்தான் அம்மாவுக்குத் துப்புரவு வேலை. விடியக்காலை ஆறு மணிக்குப் போய்ப் பின்னேரம் வருவார்.

"குப்பைவாளி முழுக்கக் கோப்பிக் கப். ஒரு சாப்பாட்டுப் பெட்டி இல்லை. சோதினை வந்தால் பிள்ளையள் வோஷ்ரூமுக்குள்ள பூட்டிக்கொண்டு இருந்து அழுதுகள். நீ அங்க போகாதையடி பிள்ளை."

"அழுறதுகள் அழட்டும். நான் அழமாட்டன்" என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டு, அதையே முதல் தெரிவாகப் போட்டேன். உண்மையைச் சொன்னால் எனக்கும் ஒரு தயக்கம் இருந்தது. நீலச் சட்டையோடு தள்ளுவண்டி தள்ளிக்கொண்டு போகும் அம்மாவை என் வகுப்புப் பிள்ளைகள் கண்டுவிட்டால்? இன்றைக்கு நினைத்தாலும் என்னை நானே அறையலாம் போலிருக்கிறது. நூலகப் பக்கம் தலைகாட்டாமலே படித்து முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

இடம் கிடைத்ததும் அம்மா மறுபேச்சுப் பேசவில்லை. முதல் பனிக்கு மலிவு விற்பனையில் சப்பாத்து வாங்கித் தந்தார். கத்தரிப்பூ நிறம், ஒரு சைஸ் பெரிது.

"ஐயோ அம்மா, உதைப் போட்டுக்கொண்டு எப்பிடிப் போறது?"

"கால் நனையாமல் போ."

பஸ்ஸும் சப்வேயுமாக ஒன்றரை மணித்தியாலம் அந்தச் சப்பாத்தை இழுத்து இழுத்துப் போய்வந்தேன். டிசம்பரில் முதல் கணிதச் சோதனைத் தாள் திரும்பி வந்தது. நாற்பதைக்கூடத் தொடவில்லை. பள்ளிக்கூடத்தில் முதலாம் பிள்ளையாக இருந்தவள் நான். நேரே விஞ்ஞானக் கட்டட வோஷ்ரூமுக்குப் போய்ப் பூட்டிக்கொண்டு, வாயைப் பொத்தியபடி அழுதேன்.

கதவில் இரண்டு தட்டு. கீழ் இடைவெளியால் கொஞ்சம் ரிஷ்யூத் தாளும் ஒரு ரொஃபியும் உள்ளே வந்தன.

"இற்ஸ் ஓகே, டியர். கோ ஹோம். ஈற் சம்திங்."

அம்மாவின் குரல். அன்றைக்கு ஆள் குறைவென்று அம்மாவை அந்தக் கட்டடத்துக்கு அனுப்பியிருந்தார்களாம், எனக்கு எப்படித் தெரியும்? மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். கையை நீட்டினால் கதவு. திறக்கவில்லை. வண்டிச் சில்லுச் சத்தம் மெல்ல மெல்லத் தூரப் போனது.

அன்றிரவுச் சாப்பாட்டில், எப்போதும் அப்பாவுக்குப் போகும் நடுமீன் துண்டு என் தட்டில் விழுந்தது. "இண்டைக்கும் ஒரு பிள்ளை அழுதுகொண்டு இருந்தது" என்று அம்மா அப்பாவிடம் சொன்னார். "பாவம். தாய்க்குத் தெரியுமோ தெரியாது." நான் குனிந்தபடி சோற்றைப் பிசைந்தேன்.

அடுத்த தவணையிலிருந்து நான் நூலகத்திலேதான் படித்தேன். பதினொரு மணிக்கு அம்மாவுக்கு இடைவேளை. கீழ்மாடி வாங்கில் உட்கார்ந்து இரண்டு பேரும் ஒரே பெட்டியில் புட்டுச் சாப்பிடுவோம். அம்மா தன் மேற்பார்வையாளர் நடப்பதுபோல நடந்து காட்டுவார், எனக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறும். வகுப்புப் பிள்ளைகள் கண்டார்கள், புட்டும் வாங்கித் தின்றார்கள். என் வாழ்க்கையில் அதைவிட நல்ல காலம் இருந்ததாக எனக்கு நினைவில்லை. ஆனால் அந்தக் கதவைப் பற்றி மட்டும் நான் வாய் திறக்கவேயில்லை.

இன்றைக்குத்தான், சோபாவில் இருந்த அம்மாவுக்கும் கேட்கட்டும் என்று, மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அழுதும் இருக்கிறன், விழுந்து விழுந்து சிரிச்சும் இருக்கிறன். சனம் பாதியைத்தான் எழுதும். உனக்குப் படிக்க விருப்பமானது அங்க இருந்தால் போடு. அண்டைக்குக் கதவுக்கு அங்கால நிண்ட அம்மம்மாவுக்கு, உள்ள இருந்தது நான் எண்டு இன்னும் தெரியாது."

"ஏன் தெரியாது?" என்று சோபாவிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

போஞ்சி நார் உரித்துக்கொண்டிருந்த அம்மா தலையை நிமிர்த்தவில்லை. "கதவுக்குக் கீழால கத்தரிப்பூச் சப்பாத்து ரெண்டும் தெரிஞ்சுதெல்லோ."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "பிறகேன் இங்கிலிஷில கதைச்சனீங்கள்?"

"நீ என்னைக் காணக்கூடாதெண்டுதானே லைப்ரரிப் பக்கமே வராமல் திரிஞ்சனி. அதுதான், ஆரோ ஒரு மனுசி மாதிரிக் கதைச்சுப்போட்டு வந்தன்."

மகள் என்னைப் பார்த்தாள். அம்மா இன்னொரு போஞ்சியை எடுத்தார்.

"அந்த ரொஃபியைச் சாப்பிட்டனியோ?"

"ஓம் அம்மா" என்றேன். "அங்கேயே சாப்பிட்டனான்."