நாகூருக்குப் போன பட்பட்டி

ஆம்பூரில் ஹயாத் பாஷாவின் தோல் ஷாப்பில் ஆயில் இஞ்சினைப் பார்த்துக்கொள்கிற பிட்டராக இருந்தார் தேவசகாயம். 1935-ல் அவருக்கு வயது முப்பத்தெட்டு. அதுவரை அவர் போன தூரமெல்லாம் கிழக்கே வேலூர், மேற்கே ஜோலார்பேட்டை. இரண்டுக்கும் நடுவில் எந்த இஞ்சின் நின்றாலும் ஆள் அனுப்பி அவரைத்தான் கூப்பிடுவார்கள். காதை வைத்துக் கேட்டுவிட்டு, "இதுக்குத் தொண்டை கட்டியிருக்கு" என்பார், இல்லாவிட்டால் "தின்னது செரிக்கல" என்பார். பிரித்துப் பார்த்தால் சொன்னபடியே இருக்கும். இஞ்சினைப் பற்றி இவ்வளவு பேசுகிற மனுஷர் வேறு எதைப் பற்றியும் வாயைத் திறக்கமாட்டார். அவர் சிரித்துப் பார்த்தவர்கள் குறைவு.

அந்த வருஷம் தை மாதம் மெட்ராசுக்குப் போன ஹயாத் பாஷா, சீமைக்குத் திரும்புகிற வெள்ளைக்காரர் ஒருவரிடம் மோட்டார் சைக்கிள் வாங்கி ரயிலில் ஏற்றிக்கொண்டு வந்தார். அது போடுகிற சத்தத்தை வைத்து அன்றைக்கே ஊர் அதற்குப் பட்பட்டி என்று பேர் வைத்துவிட்டது. முதல் நாள் அது முதலாளியைக் கொண்டுபோய், தோல் பதனிட வைத்திருந்த ஆவாரம்பட்டைக் குவியலுக்குள் செருகியது. இரண்டாம் நாள் சுண்ணாம்புக் குழிக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. மூன்றாம் நாள் அவர் ஏறவில்லை. நாகூரில் தோல் கிடங்கு வைத்திருந்த தங்கை புருஷன் ரஷீத் அஹமதுக்கு, உங்களுக்கு ஒரு அன்பளிப்பு வருகிறது என்று கடிதம் போட்டுவிட்டார்.

வண்டியைப் பிரித்துப் பெட்டியில் அடைத்து ரயிலில் அனுப்ப ஏற்பாடு. தேவசகாயம் ஸ்பானரோடு வந்து வண்டிக்கு முன்னால் குந்தினார். அரை மணி நேரம் ஆயிற்று, ஒரு நட்டுகூடக் கழலவில்லை.

"இன்னா தேவசகாயம், நட்டு இறுகிப்போச்சா?" என்றார் ஹயாத் பாஷா.

"இல்ல முதலாளி. பிரிச்சு அனுப்பினா அங்க பூட்டறதுக்கு ஆள் வேணும். பேஜாரு. நானே ஓட்டிக்கினு போய்க் குடுத்துட்டு ரயில்ல வந்துடறேன்."

"ஓட்டத் தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"வழி?"

"தெரியும்."

முதலாவது உண்மை. வெள்ளிக்கிழமைதோறும் முதலாளி ஜும்மாவுக்குப் போன நேரத்தில், தோல் காயப்போடுகிற முற்றத்தில் அவர் வட்டம் சுற்றிப் பழகியிருந்தார். ஆனால் முதல் இரண்டு கியரில்தான். மூன்றாவதைப் போட அந்த முற்றத்தில் இடமில்லை. வழி தெரியும் என்றது சுத்தப் பொய்.

வீட்டில் மனைவி ஆரோக்கியமேரி சும்மா விடவில்லை. "நாகூர்னா எங்க இருக்குது? எவ்ளோ தூரம்?"

"வேளாங்கண்ணிக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம்," என்றார் தேவசகாயம்.

அவள் பேரே வேளாங்கண்ணி ஆரோக்கிய மாதாவின் பேர். மறு பேச்சுப் பேசவில்லை. இரண்டு மெழுகுவத்தி வாங்கிக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தாள். அவருடைய காக்கிக் கோட்டுக்கு விட்டுப்போன பொத்தான்களையும் தைத்துக் கொடுத்தாள். வெள்ளைக்காரர் வண்டியோடு விட்டுப்போயிருந்த தூசிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து நின்றபோது, "யாரோ மாதிரி இருக்கீங்க" என்று உள்ளே போய்விட்டாள்.

மாசி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. வேலூர் வரைக்கும் பயந்து பயந்துதான் ஓட்டினார். கணியம்பாடி தாண்டியதும் ரோடு கோடு போட்டாற்போல நீண்டு கிடந்தது. இரண்டு பக்கமும் புளியமரம், எதிரே ஒரு மாட்டுவண்டிகூட இல்லை. மூன்றாவது கியரைப் போட்டார்.

வண்டி ஒருதரம் மூச்சை உள்ளே இழுத்து, பிறகு விட்டது. புளியமரங்கள் பின்னால் ஓட ஆரம்பித்தன. அடிவயிற்றில் ஏதோ கூசியது. அந்தக் கூச்சம் மேலே ஏறி ஏறித் தொண்டைக்கு வந்து சிரிப்பாக வெளியே விழுந்தது. திறந்த வாய்க்குள் ஒரு வண்டு போயிற்று. துப்பினார், மறுபடியும் சிரித்தார். குட்டையில் கிடந்த எருமைகளைப் பார்த்து, "தேவசகாயம் போறான்" என்று சொல்லிக்கொண்டே போனார். போளூர் போய்ச் சேருவதற்குள் குரல் கட்டிவிட்டது.

விழுப்புரத்தில் ரயில்வேயில் இருந்த பழக்கக்காரர் வீட்டில் தங்கி, விடிந்ததும் கிளம்பினார். வழியைக் கேட்டுக் கேட்டுத்தான் போனார். இவர் வாயைத் திறந்து கேட்பதற்குள் பாதிப் பேர் ஓடிப்போனார்கள். மீதிப் பேர் வழி சொல்லாமல் வண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கொள்ளிடத்தில் ஓடக்காரர் வண்டியை ஏற்றமாட்டேன் என்றார்.

"கரையேத்துற வரைக்கும் இது தூங்குமா?"

"தூங்கும்ங்க."

"நடுவுல முழிச்சிக்கிட்டா மாடு ஆத்துல குதிச்சிடும்."

எரிபொருள் குழாயை அடைத்துக் காட்டிய பிறகுதான் ஒத்துக்கொண்டார். இரண்டு உழவு மாடுகளுக்கு நடுவில் பட்பட்டியை அணைத்துப் பிடித்துக்கொண்டு அக்கரை போய்ச் சேர்ந்தார் தேவசகாயம். ஒரு மாடு வழி முழுக்க வண்டியின் தோல் சீட்டை நக்கிக்கொண்டே வந்தது.

சீர்காழிக்கு அப்பால் இஞ்சின் கொதித்தது. ஒரு மதகுக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு, நிழலுக்காக மதகுக்கு அடியில் எட்டிப் பார்த்தார். அவ்வளவுதான். ஊரே திரண்டுவிட்டது. கிராம முன்சீப் மேல்துண்டைச் சரிசெய்துகொண்டு ஓடி வந்தார். பின்னாலேயே நாற்காலியும் இளநீரும் வந்தன.

"வாங்க, வாங்க. நாலு மாசமா எழுதிப் போட்டுக்கிட்டே இருக்கோம். ஐயா இன்னிக்காவது வந்தீங்களே. உக்காருங்க."

காக்கிக் கோட்டையும் கண்ணாடியையும் பார்த்து ரோட்டு இன்ஜினியர் என்று நினைத்துவிட்டார்கள். தேவசகாயம் பிறந்த ஊரில் முன்சீப் தெருவில் அவர் சைக்கிளைவிட்டு இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். இங்கே ஒரு முன்சீப் நாற்காலியைத் துடைத்துப் போடுகிறார். கால் தானாக மடங்கியது, உட்கார்ந்துவிட்டார். தாகமாக இருந்தது, இளநீரையும் குடித்துவிட்டார்.

"மதகு என்ன கதிங்க ஐயா?"

கேட்டதுக்குப் பதில் சொல்லத்தானே வேண்டும். "கெழக்கால தண்ணி அரிச்சிருக்குது. கல்லு நழுவிடுச்சு. இப்போதைக்கு மரத்த வெச்சு முட்டுக் குடுங்க. கோடையில சுண்ணாம்பு போட்டுக் கட்டினா நிக்கும்."

"இதையே எழுதிக் கொடுத்துட்டீங்கன்னா..."

"நான் எழுதக் கூடாதுங்க. நான் ஆம்பூர்ல தோல் ஷாப்பு பிட்டரு."

முன்சீப் நாற்காலியைப் பார்த்தார். காலி இளநீரைப் பார்த்தார். பிறகு யாரையும் பார்க்கவில்லை. தேவசகாயம் இளநீர் மட்டையை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய் வண்டியை ஒரு உதை உதைத்தார். அதன் புண்ணியம், ஒரே உதையில் கிளம்பிற்று. ஒரு மைல் தாண்டியதும் சிரிப்பு தாங்காமல் ஓரங்கட்ட வேண்டியிருந்தது. அந்தச் சிரிப்பில் பாதி கோபம். ஆனால் மறுபடி வண்டி ஓட ஆரம்பித்தால் கோபத்தை எங்கே பிடித்து வைப்பது? காற்று கொண்டுபோய்விட்டது.

தரங்கம்பாடிக்குக் கொஞ்சம் முன்னால் காற்றின் வாசனை மாறியது. சவுக்குத் தோப்பு முடிந்த இடத்தில் நீலமாக ஒரு சுவர் நின்றது. சுவர் அசைந்தது. அது கடல் என்று புரிய அவருக்கு இரண்டு நிமிஷம் ஆயிற்று. பாலாற்றில் வெள்ளம் வந்து பார்த்திருக்கிறார். அதற்கு அக்கரை உண்டு. இதற்கு அக்கரையே இல்லை, தேடித் தேடிப் பார்த்துவிட்டார்.

ரோடு கடலை விட்டு விலகித் திரும்பியது. அவர் ரோட்டோடு திரும்பவில்லை. தோப்புக்குள் இறங்கி மணலில் திணறி, ஒரு தடவை விழுந்து எழுந்து, தண்ணீர் ஓரத்துக்கு வந்தார். ஈர மணல் சிமெண்டுத் தரை மாதிரி கெட்டியாக இருந்தது. மூன்றாவது கியர்.

இடது பக்கம் கடல், வலது பக்கம் மணல், முன்னால் ஒன்றுமே இல்லை. நண்டுகள் பொந்துக்கு ஓடின. சக்கரம் தெறித்த தண்ணீர் முகத்தில் அடித்தது, நாக்கில் உப்புக் கரித்தது. எவ்வளவு பெரிய உப்புத் தொட்டி, இதில் எத்தனை லட்சம் தோல் ஊறப்போடலாம் என்று ஒரு கணக்கு மனசுக்குள் ஓடியது. அதை நினைத்தே மறுபடி சிரிப்பு வந்தது. கையை விட்டுவிட்டு ஓட்டிப் பார்த்தார். எழுந்து நின்றுகொண்டு ஓட்டிப் பார்த்தார். கோயிலில் பாடுகிற பாட்டையெல்லாம் பாடினார், கட்டிப்போன குரலில் ராகம் எங்கெங்கோ போயிற்று. அலையைத் துரத்தி உள்ளே போனார், அது துரத்தியபோது வெளியே ஓடி வந்தார். நாலைந்து தடவை அவர்தான் ஜெயித்தார். ஆறாவது தடவை அலை ஜெயித்தது. வண்டி கீழே சாய்ந்தது, இஞ்சின் விக்கலெடுத்து நின்றது.

வலை காயப்போட்டுக்கொண்டிருந்த மீனவர்கள் ஓடி வந்து வண்டியைத் தூக்கி மேட்டுக்குக் கொண்டுபோனார்கள். பிளக்கைக் கழற்றித் துடைத்து வெயிலில் வைத்துவிட்டு உட்கார்ந்தார் தேவசகாயம். வயசான மீனவர் ஒருவர் வாழையிலையில் வறுத்த மீன் கொண்டுவந்து வைத்தார். தேவசகாயம் பழக்கதோஷத்தில் கொஞ்சம் தள்ளி நகர்ந்தார்.

"ஏன் நகர்றே?" என்றார் மீனவர்.

"தோல் ஷாப்புல வேலைங்க. எங்கிட்ட நாத்தம் ஜாஸ்தி."

மீனவர் மூக்கை உறிஞ்சிப் பார்த்தார். "எங்கிட்ட கம்மியா? சரிக்குச் சரியாத்தான் இருக்கு, கிட்ட வா."

இரண்டு பேரும் ஒரே இலையில் சாப்பிட்டார்கள். வெயில் பிளக்கைக் காயவைத்தது. கார்பரேட்டரை நல்ல தண்ணீரில் கழுவி ஊதிப் பூட்டினார். ஏழாவது உதையில் வண்டி இருமிக்கொண்டே கிளம்பியது. காரைக்காலில் சிவப்புத் தொப்பி போட்ட பிரெஞ்சுப் போலீஸ்காரர் காகிதம் கேட்டார். ஹயாத் பாஷா உருதுவில் எழுதிய கடிதத்தைக் காட்டினார். போலீஸ்காரர் அதைத் தலைகீழாகப் பிடித்து ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகச் சொன்னார். பொழுது சாய்வதற்குள் நாகூர் வந்துவிட்டது.

ரஷீத் அஹமதுக்குத் தலைகால் புரியவில்லை. வண்டியை இரண்டு சுற்று சுற்றி வந்து, கைப்பிடியைத் தொட்டார். உள்ளே திரைக்குப் பின்னாலிருந்து அவர் அம்மா ஹலீமா பீயின் குரல் வந்தது.

"நில்லு. அந்த ஆள் பேர் என்னா?"

"தேவசகாயம்ங்க அம்மா," என்று தேவசகாயமே பதில் சொன்னார்.

"நீயே சொல்லு. ஆம்பூர்லேர்ந்து இங்க வர்றதுக்குள்ள எத்தனை தடவை விழுந்தே?"

தேவசகாயம் விழுந்தது இரண்டே தடவை. இரண்டும் மணலில், தோல்கூட உரியவில்லை. வண்டியைப் பார்த்தார். கைப்பிடி மேல் இருந்த ரஷீத் அஹமதின் கையையும் பார்த்தார்.

"மூணு தடவைங்கம்மா," என்றார்.

"கேட்டியா? எனக்கு இருக்கிறது ஒரே பிள்ளை. இது இந்த வாசல்ல நிக்கக் கூடாது," என்றார் ஹலீமா பீ. தேவசகாயத்துக்கு நெய்ச்சோறு வந்தது. ஆம்பூருக்குத் தந்தி போயிற்று. மறுநாள் மத்தியானம் பதில் வந்தது: வண்டியைத் திருப்பிக் கொண்டு வா.

அதற்குள் காலையிலேயே வேளாங்கண்ணி போய்வந்துவிட்டார். ஒரு மெழுகுவத்தியை ஆரோக்கியமேரிக்காகக் கொளுத்தினார். இன்னொன்றை விழாமலே விழுந்த அந்த மூன்றாவது தடவைக்காகக் கொளுத்தினார். மன்னிப்புக் கேட்கும்போதும் சிரிப்பு எட்டிப் பார்த்தது, தலையை நன்றாகக் குனிந்துகொண்டார்.

போனது இரண்டு நாள் பயணம். திரும்பி வர நாலு நாள் ஆயிற்று. அதில் ஒன்றரை நாள் தரங்கம்பாடிக் கரையில்.

ஆம்பூர் பஜாருக்குள் அவர் நுழைந்தபோது உச்சிவெயில். தோல் ஷாப்பில் இருந்தவர்கள் எல்லாரும் சுண்ணாம்புக் கையோடு வெளியே வந்து நின்றார்கள். ஹயாத் பாஷா முற்றத்துக்கு வந்தார்.

"மச்சான் வேணாம்னுட்டாரா?"

"அவங்கம்மா வேணாம்னுட்டாங்க."

"நீ அவங்ககிட்ட இன்னா சொன்னே?"

"கேட்டதுக்குப் பதில் சொன்னேன் முதலாளி."

ஹயாத் பாஷா அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். வெயிலில் கறுத்து, கண்ணாடி இருந்த இடம் மட்டும் வெளுத்து, ஒரு மாதிரி மலர்ந்துபோயிருந்தது அந்த முகம். "சரி, கெடக்கட்டும்," என்றார். "திருப்பத்தூர்ல ஆவாரம்பட்டை பாக்க ஆள் அனுப்பணும். ரயிலுக்குக் காத்துக் கெடக்க வேணாம். இனிமே நீயே இதுல போய்ட்டு வந்துடு."

அன்றிலிருந்து திருப்பத்தூர், வாணியம்பாடி, வேலூர் என்று எங்கே காரியம் இருந்தாலும் தேவசகாயம்தான் போனார். வாய் திறக்காத மனுஷர் என்று பேர் எடுத்தவர், கடல் பேச்சு வந்தால் மட்டும் நிறுத்தமாட்டார். சாப்பாட்டு நேரத்தில் அவரைச் சுற்றிக் கூட்டம் சேர்ந்தது. முன்சீப் கதையை மட்டும் மாதத்துக்கு ஒரு தடவையாவது சொல்லச் சொல்லிக் கேட்டார்கள்.

வந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த பிறகு, கோயில் வாசலிலேயே ஆரோக்கியமேரியைப் பின்னால் ஏறி உட்காரச் சொன்னார்.

"ஊரே பாக்குது. நான் மாட்டேன்," என்றாள்.

"பாக்கட்டும்."

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒருக்களித்து உட்கார்ந்தாள். தெருக்கோடி வரை ஜெபம் சொல்லிக்கொண்டு வந்தாள். பாலாற்று ஓரமாக வாணியம்பாடி ரோட்டில் திரும்பியதும் ஜெபம் நின்றுபோயிற்று. பின்னால் சத்தமே இல்லையே என்று தேவசகாயம் பயந்து வேகத்தைக் குறைத்தார்.

அவள் அவர் தோளைத் தட்டினாள். "எதுக்குக் கம்மி பண்ணீங்க?" என்றாள்.